மூன்றாவது பேட்சின் காலடிகள்

சிஷ்யருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு நாற்பத்தொன்று. அரசு மருத்துவக் கல்லூரியில் இப்படி அமைவதுண்டு.

டாக்டர் நல்லசிவம் பதினாறு வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்தவர். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் சமூக மருத்துவத் துறையின் டாக்டர் தில்லைக்கரசி. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

மருத்துவ மாணவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள், அவர்களை இன்னும் நடக்க வைப்பது எப்படி என்பதுதான் ஆய்வு. நாளைக்கு ஊருக்கெல்லாம் "நடங்க, சர்க்கரை குறையும்" என்று சொல்லப்போகிறவர்கள் தாங்கள் மட்டும் நடப்பதில்லையே என்று நல்லசிவத்துக்கு நெடுநாள் வருத்தம். ஐந்து பேட்ச் மாணவர்களின் இடுப்பிலும் காலடி எண்ணும் சின்னக் கருவியை மாட்டிவிட்டார். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை. மாணவர்கள் அதை மீட்டர் என்றார்கள்.

முதல் வாரக் கணக்கு பரிதாபமாக இருந்தது.

"என்ன சொன்னா மேடம் இவங்க நடப்பாங்க?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியல சார்," என்றார் தில்லைக்கரசி.

குருவுக்கே தெரியாததை சிஷ்யர் தானே கண்டுபிடிக்கக் கிளம்பினார். படிக்கட்டுதோறும் போஸ்டர் ஒட்டினார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் உற்சாக வாசகம் அனுப்பினார். அதுவும் போதாதென்று டீனைப் பார்த்து ஓர் உத்தரவு வாங்கினார். ஆறாவது வார முடிவில் காலடிக் கணக்கில் கடைசியில் வருகிறவர்களின் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும். ஒரு மாதம் தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நடக்க வேண்டும். மூன்று நாள் தவறினால் பரீட்சை எழுத முடியாது.

மற்ற பேட்ச்கள் நாலாயிரம், ஐந்தாயிரம் என்று ஏறிவிட்டன. மூன்றாவது பேட்ச் மட்டும் ஆயிரத்தைத் தாண்டவே இல்லை. பதினொரு பேர். பதினொரு பேரும் ஒன்றுபோல.

நல்லசிவத்துக்கு மண்டை காய்ந்தது. ஏனென்றால் தினமும் காலையில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்க்கும் பயிற்சிக்கு மற்ற பேட்ச்கள் வேனில் போகும். நடந்தே போகிற ஒரே பேட்ச் மூன்றாவதுதான். அது தில்லைக்கரசி மேடத்தின் பேட்ச். சின்ன வயதில் வந்த போலியோவால் அவருக்கு இடது காலில் அதைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல். வேனின் முதல் படி உயரம். ஏற வேண்டுமானால் யாராவது கை கொடுக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்காது. அதனால் தறிக்காரத் தெருக்களுக்கு நடந்தே போவார். பேட்சும் கூடவே போகும்.

நடக்கிறவன் கணக்கில் உட்கார்ந்திருக்கிறான், வேனில் போகிறவன் நடந்திருக்கிறான். இது என்ன கூத்து?

பேட்டரியை மாற்றினார். கருவியை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நூறு அடி நடந்தார். நூறு என்றே காட்டியது. மூன்றாவது பேட்சின் தலைவி ரிஸ்வானாவைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னார். தொண்ணூற்றொன்பது. கருவியும் சரி, பெண்ணும் சரி. அப்படியானால் திருட்டுத்தனம்தான்.

ஆறாவது வார வியாழக்கிழமை பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"மீட்டரக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டுப் போறீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற செல்வின் மட்டும், "அது வந்து சார், மேடம்..." என்று ஆரம்பித்தான். ரிஸ்வானா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நாங்க நடக்கல சார்," என்றாள் அவள்.

"நாளைக்கு உங்க பேரு டீனுக்குப் போயிரும். அஞ்சரைக்கு மைதானத்துக்கு வரணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நீ ஊர்லேர்ந்து பஸ்ல வர்ற பொண்ணு. முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தானே?"

"ஏதாவது பண்ணிக்கிறேன் சார்."

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களைப் பார்த்தால் ஒரு திருப்தி வர வேண்டும். நல்லசிவத்துக்கு வரவில்லை. பதினாறு வருடம் நோயாளிகளைப் பார்த்தவருக்குப் பொய் சொல்கிற முகம் தெரியும். ஆனால் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு பொய் சொல்வார்களா என்ன?

நேராக மேடத்தின் அறைக்குப் போனார்.

"உங்க பசங்க ஏன் மேடம் நடக்க மாட்டேங்கிறாங்க?"

தில்லைக்கரசி பேனாவை மூடி வைத்தார்.

"நாளைக்குக் காலைல எங்ககூட வாங்க சார். உங்களுக்கு ஒரு மீட்டர் கட்டிக்கோங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். நல்லசிவம் வேகமாக நடக்கிறவர். கல்லூரி வாசலைத் தாண்டி, பழைய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, முக்கில் இருந்த டீக்கடைக்கே போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாருமில்லை. பேட்ச் அங்கே, தண்ணீர்த் தொட்டிக்கும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் நின்றபடி பார்த்தார். மேடம் காலிப்பர் காலை வீசி வைத்து, ஊன்றி, நின்று, சாக்கடையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு அடுத்த அடி. பதினொரு பேரில் ஒருவர்கூட அவரைத் தாண்டி வரவில்லை. செல்வின் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். பத்து அடி தள்ளி மறுபடியும் கட்டினான். ஒருத்தி சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தாள். ரிஸ்வானா ஊன்றுகோலுக்கு மறுபக்கம், கால் கட்டைவிரல் முன்னால் போய்விடாமல், தரையை உரசிக்கொண்டு வந்தாள். யாரும் மேடத்தின் காலைப் பார்க்கவில்லை.

நல்லசிவத்துக்கு என்னவோ போலிருந்தது. தனியாகப் போய் நின்றது வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்த டீயை வேண்டாமென்றுவிட்டுத் திரும்பி நடந்தார். அதன்பிறகு அவரும் லேஸ் இல்லாத செருப்பை நாலு தடவை குனிந்து சரிசெய்தார்.

துறைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. நாற்காலியில் விழுந்தார். மெதுவாக நடப்பது இவ்வளவு வலிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

"வலிக்குதா சார்?"

"இடுப்பு கழண்டு போச்சு மேடம்."

"மீட்டர் என்ன சொல்லுது?"

பார்த்தார். தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எழுநூத்திச் சொச்சம். அதுவும் டீக்கடை வரைக்கும் போனதுதான் முக்காவாசி."

தில்லைக்கரசி தன் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முப்பத்தெட்டு.

அப்போதுதான் நல்லசிவத்துக்கு உறைத்தது. அடி விழுகிற வேகம் இருந்தால்தான் இந்தக் கருவி எண்ணும். நின்று நின்று, உரசி உரசிப் போகிற நடை அதற்கு நடையே இல்லை. கருவியோடு வந்த கையேட்டிலேயே அது இருந்தது. அவர் படித்து, அடிக்கோடும் போட்டிருந்தார்.

"இத ஏன் மேடம் அவங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னா யாரு பேரச் சொல்லணும்?"

நல்லசிவம் மேஜைமேல் இருந்த முப்பத்தெட்டை மறுபடியும் பார்த்தார்.

"அவங்க பண்றது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் லேஸ் அவிழும்? எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்."

மேஜைமேல் டீனுக்குப் போக வேண்டிய பட்டியல் இருந்தது. பதினொரு பெயர், பெயருக்கு நேரே காலடிக் கணக்கு. தில்லைக்கரசி அதைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தார். பன்னிரண்டாவதாகத் தன் பெயரை எழுதி, நேரே முப்பத்தெட்டு என்று போட்டார்.

"மேடம், இது பசங்களுக்குப் போட்ட உத்தரவு."

"கடைசில வர்றவங்கன்னுதானே எழுதி வாங்கினீங்க? அஞ்சரைக்கு வந்துடறேன்."

"நீங்க வந்தா அங்கயும் அவங்க மெதுவாத்தான் நடப்பாங்க. மீட்டர் ஏறாதே."

"ஏறாது."

நல்லசிவம் பட்டியலைப் பார்த்தார், கருவிகளைப் பார்த்தார். ஆறு வாரமாக இருந்த குழப்பம் தீர்ந்து, அதைவிடப் பெரியதொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"போஸ்டர் ஒட்டினேன், மெசேஜ் அனுப்பினேன், தண்டனையும் வெச்சேன். இன்னும் என்னதான் மேடம் சொல்லணும், ஒருத்தர நடக்க வைக்க?"

தில்லைக்கரசி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"டீக்கடைலேர்ந்து திரும்பி வந்தீங்களே சார். உங்களுக்கு யாரு என்ன சொன்னாங்க?"

நல்லசிவம் பட்டியலை எடுத்து நாலாக மடித்தார். டீன் அறைக்குப் போக வேண்டிய அது அன்று மாலை வரை அவர் கையிலேயே இருந்தது.