பெயருக்கு முன்னால்

"என் பேரையே தூக்கிட்டாங்க ஐயா."

அச்சகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த நோட்டீஸ் மாதிரியை மேசைமேல் அறைந்தாள் செவ்வந்தி.

எதிரே மாசிலாமணி. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மேடைப் பேச்சு கற்றுக்கொடுத்தவர். செவ்வந்தி அவரைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அவர்தான் அவளுக்குக் குரு.

செவ்வந்தி திருநங்கை. இருபத்திரண்டு வருடம் சுவரொட்டி ஒட்ட அனுப்பியபோது அது கட்சியில் யாருக்கும் உறுத்தவில்லை. வார்டு தேர்தலுக்குச் சீட்டு கேட்டாள், உறுத்திவிட்டது. கூட்ட நோட்டீஸில் பேர் இல்லாதவருக்குச் சீட்டு கிடையாது.

"எதுக்குன்னு உங்ககிட்ட சொன்னாங்க?"

"பேருக்கு முன்னாடி என்ன போடறதுன்னு நோட்டீஸ் குழுவுல மூணு நாள் சண்டை. 'சகோதரி'ன்னா மகளிரணி கோவிச்சுக்குமாம். 'திருநங்கை'ன்னா ஓட்டுப் போயிடுமாம். வட்டச் செயலாளர் எது தூய தமிழ்னு அகராதியைத் தூக்கிட்டு வந்துட்டார். கடைசில ஒத்து வரலைன்னு பேரையே அடிச்சுட்டாங்க. நான் வாசல்லதான் நின்னேன். உள்ள வான்னு ஒருத்தர் கூப்பிடல."

மாசிலாமணி நோட்டீஸைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களும் அந்தக் குழுவுல இருந்தீங்க. வாயைத் திறந்தீங்களா?"

"திறக்கல."

அவளுக்கு இந்த மனுஷரிடமா பயப்படாமல் பேசக் கற்றுக்கொண்டோம் என்றிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அதுல என் பேரை வாசிச்சுட்டுப் போங்க" என்றார் மாசிலாமணி.

வேண்டாவெறுப்பாக வாசித்தாள். "செந்தமிழ்ச் சூறாவளி, மேடை அரிமா, மக்களின் மனசாட்சி, மாசிலாமணி."

"இந்தப் பட்டமெல்லாம் யாரு குடுத்தது?"

"ஏதாவது மாநாட்டுல குடுத்திருப்பாங்க."

"இல்ல. அச்சகத்துல நின்னு நானே எழுதிக் குடுத்தேன்."

"யாரும் கேக்கலையா?"

"அன்னிக்கு ஒரு குழுவும் கூடல."

செவ்வந்தி தாளை மறுபடி மேசைமேல் விரித்தாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

'மக்களின் மனசாட்சி'யை ஒரே கோட்டில் அடித்தாள். மாசிலாமணி தடுக்கவில்லை.

கீழே தன் பேரை எழுதினாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சொல் போட்டாள்.

வேட்பாளர்.

அச்சு ஓட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.