ஒரு நாற்காலி, இரண்டு வாக்கு

வழக்கை நான் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

பல ஊர்களில் ஆலை வைத்திருந்த பெரிய பிஸ்கட் கம்பெனி அது. அங்கே அடுப்புப் பிரிவின் தலைவர் கனகசபை ஓய்வு பெறும் நாள் வந்தது. எல்லோரும் மாலை வாங்கி வைத்திருந்தார்கள்; அவருக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. தன் நாற்காலியை அவர் இரண்டு பேருக்குக் கொடுத்து வைத்திருந்தார்.

முதல் அடுப்பின் பொறுப்பாளன் இன்பசேகரன் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாதே என்று, "எனக்கப்புறம் நீதான்டா, வெளியே மூச்சு விடாதே" என்று சொல்லியிருந்தார். இரண்டாம் அடுப்பின் பொறுப்பாளர் ரோஸ்லினிடமும் அதே பயத்தில் அதே பேச்சு. இருவரும் நம்பினார்கள், வெளியே கிடைத்த நல்ல வேலைகளை உதறினார்கள். ஆளைக் கட்டிப்போட, காதோடு சொல்லும் வாக்கைவிட மலிவான கயிற்றை எந்த நிர்வாகமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த தலைவர் யார் என்று தலைமை அலுவலகம் ஆண்டுதோறும் வண்ணக் கட்டங்கள் போட்டுத் திட்டம் தீட்டும். கட்டத்துக்குள் இருப்பவருக்கே அது தெரியாது. புதிதாக வந்த மனிதவள அதிகாரி மும்தாஜ் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே விதி வைத்தார். ஓய்வு பெறுகிறவர், தன் பதவியைக் கேட்டு நிற்பவர்களிடம் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிலை வைத்து அங்கேயே பெயர் சொல்ல வேண்டும். இரகசியம் வேண்டாம் என்று தொழிலாளர் சங்கம் பல காலம் வாசலில் நின்று கத்தியது; அப்போது யார் காதிலும் விழவில்லை. போகட்டும், யார் செய்தாலும் நல்லது நல்லதுதான்.

கேன்டீனில் கூட்டம் கூடியது. கனகசபை எழுந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நீங்க மேலே வந்தா, உங்க இடத்தை யார் பாத்துக்குவாங்க?"

இன்பசேகரன் சிரித்தான். "என் இடத்தையா? நான் லீவு போட்ட அன்னிக்கு அடுப்பே கருகிப் போச்சே, மறந்துட்டீங்களா சார்? நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது." கைதட்டல் எழுந்தது.

ரோஸ்லின் தயங்கினார். "என்கிட்ட இன்னைக்கு யாரும் இல்ல சார். பேச்சியம்மாளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்; மாவுப் பிரிவுல கேட்டாங்க, அனுப்பிட்டேன். அப்புறம் சாந்தகுமார், அவனையும் பேக்கிங்ல கேட்டாங்க."

"அக்கா பள்ளிக்கூடமே நடத்துது, சொந்த வகுப்புல மட்டும் ஆள் இல்ல!" என்றான் இன்பசேகரன். கேன்டீன் குலுங்கியது.

பேக்கிங் பிரிவின் தலைவர் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்: "சாந்தகுமாரைப் பத்திக் கேக்காதீங்க. போன வாரம் அவன் லீவு; அவன் பழக்கின பசங்களே வேலையை முடிச்சிட்டாங்க. அவனுக்கு ஒரு போன்கூடப் போகல."

கனகசபை தலை குனிந்தார். இன்பசேகரன் இல்லாவிட்டால் முதல் அடுப்பு நிற்கும். ரோஸ்லின் போனால் இரண்டாம் அடுப்புக்கு இன்று ஆள் இல்லை. இரண்டு வாக்கில் ஒன்றை எல்லோர் எதிரிலும் உடைத்தே ஆக வேண்டும்.

சொல்லுங்கள், அந்த நாற்காலி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரோஸ்லினுக்கு. தான் இல்லாமல் நடக்காது என்று இன்பசேகரனே சொல்லிவிட்டான். அவனை மேலே ஏற்றினால் முதல் அடுப்புக்கு ஆள் தேட வேண்டும், தேடினாலும் கிடைக்காது. ரோஸ்லின் வளர்த்தவர்களோ கம்பெனியை விட்டு எங்கும் போகவில்லை. சாந்தகுமாரைத் திரும்ப அழைத்தாலும் பேக்கிங் நிற்காது. ஒரு பிரிவுக்குள் பார்த்தால் அவர் வெறுங்கை. ஆலை முழுவதும் பார்த்தால் அவரிடம்தான் ஆள் இருக்கிறது. கனகசபை ரோஸ்லின் பெயரைச் சொன்னார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டு இன்பசேகரனிடம் மன்னிப்புக் கேட்டார். "உங்க அடுப்பை நடத்த ரெண்டு பேரைத் தயார் பண்ணுங்க. அடுத்து காலியாகிற இடத்துக்கு முதல்ல உங்களைத்தான் கேப்போம்" என்றார் மும்தாஜ். இன்பசேகரன் முறைத்தான். பிறகு, "இந்த வாக்கையாவது எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னீங்களே மேடம்" என்று சொல்லி, மாலையை அவனே எடுத்துக் கனகசபையின் கழுத்தில் போட்டான்.