வள்ளல் மரத்துப் பொந்து

ஓடைகள் மேட்டை நோக்கி ஓடுகிற மாயக்காட்டில் கொம்பையன், மூக்காயி என்று இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடும்பம் நடத்தி வந்தன. பெரிய மூக்கு, அதன் மேல் ஒரு கொண்டை, பறந்தால் காடே அண்ணாந்து பார்க்கும் சிறகுச் சத்தம். முட்டையிடும் காலம் வந்தது. இருவரும் வீடு தேடிக் கிளம்பினார்கள்.

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடப் போகிறவள் மரப்பொந்துக்குள் உட்கார்ந்து, ஈரமண்ணைக் குழைத்து வாசலைத் தானே பூசிக்கொள்வாள். மூக்கை நீட்டுகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடுவாள். உள்ளே போனதும் பழைய சிறகு உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைத்து, குஞ்சும் தேறிய பிறகு பூசியவளே உடைத்துக்கொண்டு வெளியே வருவாள். அதுவரை புருஷன்காரன் அத்திப்பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்ட வேண்டும். பாம்பும் கிட்டே வராது, மரநாயும் வராது. நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காகச் செய்தால்!

காட்டின் நடுவே தேன் நிறத்தில் ஒரு மரம் நின்றது. மழையோ வெயிலோ, அதன் கிளைகளில் எப்போதும் பழம் தொங்கும். கேட்காமலே கொடுக்கும். அதனால் எல்லோரும் அதை வள்ளல் மரம் என்றார்கள். கொடுத்தால் போதுமே, உடனே ஒரு பட்டம்!

"வாங்க, வாங்க! வீடா தேடுறீங்க?" என்றது மரம். அதன் பட்டை தானாக விரிந்தது. உள்ளே வழவழவென்று ஒரு பொந்து தெரிந்தது.

மூக்காயி எட்டிப் பார்த்தாள். "இடம் நல்லாத்தான் இருக்கு. வாசல் பூச மண் வேணும். ஓடைக்குப் போயிட்டு வருவோம்."

"மண்ணா? சேச்சே! இந்தக் காலத்துல யார் மகராசி மண்ணு பூசுறாங்க? நீ உள்ளே உட்காரு. என் பட்டையாலேயே மூடித் தர்றேன். சந்து விட்டுத்தான்!"

கொம்பையனுக்கு வாயெல்லாம் பல் இருந்திருந்தால் அத்தனையும் தெரிந்திருக்கும். "நல்லதுதானே! ஓடையிலேருந்து இங்கே மண்ணைச் சுமக்கப் போறவன் நானில்லையா?"

"நம்ம வாசலை நாமதானேங்க பூசணும்?"

"எது சொன்னாலும் ஒரு கேள்வி! மரமே செய்யறேன்னு சொல்லுது. உனக்கு என்ன கஷ்டம்?"

முட்டை வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கும்போது எவளால் நாள் முழுக்க வாதாட முடியும்? மூக்காயி உள்ளே போனாள். பட்டை மெதுவாக வந்து வாசலை மூடியது. சந்து இருந்தது. மூக்கைக் கண்வரை வெளியே நீட்ட முடிந்தது.

முதலில் கொம்பையன் ஒழுங்காகத்தான் இருந்தான். இரண்டு மலை தாண்டி அத்திமேட்டுக்குப் பறந்துபோய், தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து ஊட்டினான். மூச்சு வாங்கியது. சிறகு வலித்தது.

"எதுக்குப்பா இவ்வளவு அலைச்சல்?" என்றது மரம். "என் பழம் உன் கண்ணு முன்னாலேயே தொங்குதே!"

மரத்தடியில் சடையன் என்ற கருமந்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எப்போது பார்த்தாலும் அதே இடத்தில்தான் இருப்பான். எப்போது பார்த்தாலும் மென்றுகொண்டிருப்பான். "பறிச்சுத் தின்னுப்பா! நான் அத்திமேடு பக்கம் போயி யுகமாச்சு. குறைஞ்சா போயிட்டேன்?" என்றான்.

குறையவில்லைதான். தொப்பை மடியில் கிடந்தது.

கொம்பையன் ஒரு பழம் தின்று பார்த்தான். பிறகு மூக்காயிக்கும் ஊட்டினான். அவ்வளவுதான், அன்றோடு அத்திமேட்டுப் பயணம் நின்றது. கிளையிலிருந்து பறிப்பான், சந்தில் திணிப்பான், தூங்குவான்.

குஞ்சு பொரிந்தது. மூக்காயியின் புதுச் சிறகுகள் குருத்து விட்டன. ஆனால் அவள் மனத்தில் ஏதோ உறுத்தியது. ஒருநாள் கேட்டாள்:

"என்னங்க, சந்து சின்னதாகுது."

"உன் மூக்கு பெருசாகியிருக்கும். உட்கார்ந்த இடத்துல சாப்பிடுறே இல்ல!"

"விளையாடாதீங்க! அன்னைக்குக் கண்ணு வரைக்கும் நீட்டினேன். இன்னைக்குப் பாதி மூக்குதான் வெளியே வருது."

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்றான் கொம்பையன். ஆண்கள் இப்படிச் சொன்னால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

ஆனாலும் மனம் கேட்காமல் சடையனிடம் போனான். போனவன் திகைத்து நின்றான்.

"சடையா, உன் வால் எங்கே?"

"மரத்துக்குள்ளே இருக்கு."

"மரத்துக்குள்ளேயா!"

"ஆமா, பட்டை பிடிச்சுக்கிச்சு. இழுத்துப் பார்த்தேன், வரல. விடுப்பா, வாலை வச்சு நான் என்ன தோரணமா கட்டப் போறேன்? சோறு வருதில்ல!"

மறுநாள் காலை அந்த இடத்தில் சடையனின் முகம் மட்டும் பட்டைக்கு வெளியே தெரிந்தது. அந்த முகம் அப்போதும் மென்றுகொண்டிருந்தது. "பழம் இன்னைக்கு ரொம்ப நல்லா…" என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டை மூடிக்கொண்டது. அங்கே ஒரு கருமந்தி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

கொம்பையன் அலறிக்கொண்டு பொந்துக்குப் பறந்தான். பட்டையைக் கொத்து கொத்தென்று கொத்தினான். கொத்திய இடமெல்லாம் கண்ணெதிரே ஆறி மூடியது. போதாததற்கு அவன் கால் நகங்களும் பட்டையில் ஒட்டிக்கொண்டன. பிய்த்துக்கொண்டு பறந்தான். ரத்தம் சொட்டியது.

"என்னங்க ஆச்சு?" என்று உள்ளிருந்து கேட்டாள் மூக்காயி.

சொன்னான்.

"இத்தனை நாளா எந்தப் பழம் ஊட்டினீங்க?"

"அது வந்து… கிட்டேயே இருந்துச்சேன்னு…"

"எந்தப் பழம்!"

"இந்த மரத்துப் பழம்தான்."

"உங்க சோம்பேறித்தனத்துக்கு நானும் என் பிள்ளையுமா விலை? அத்திப்பழம் தின்ன வரைக்கும் சந்து வச்சது வச்சபடி இருந்துச்சு. இதோட பழம் வயித்துக்குள்ளே போகப் போகத்தான் இது நம்மைப் பிடிக்குது. உங்க காலும் அதனாலதான் ஒட்டிச்சு. நின்னு அழாதீங்க! அத்திமேட்டுக்குப் பறங்க! செத்தாலும் இனிமே இதோட பழம் எங்க வாய்க்குள்ளே போகாது."

மரம் சிரித்தது. "அத்திமேடு ரொம்ப தூரமாச்சே மகராசி! மழை வேற வருது. பச்சைப் பிள்ளை தாங்குமா?"

மழை வந்தது. சாதாரண மழையில்லை, மாயக்காட்டு மழை. மேலிருந்தும் பெய்தது, கீழிருந்தும் பெய்தது. கொம்பையன் அதற்குள் பாய்ந்து பறந்தான். காற்று அவனைத் திருப்பி அடித்தது. மறுபடி பறந்தான்.

உள்ளே குஞ்சு கத்தியது. "அம்மா, பசிக்குது!"

"அப்பா வந்துடுவாரு."

"இப்பவே பசிக்குது!"

சந்துக்கு நேராக ஒரு கிளை வளைந்து வந்தது. நுனியில் சிவந்த பழம் சாறு சொட்டியது. "வாயைத் திற கண்ணு," என்றது மரம். குஞ்சு ஆவென்று வாயைத் திறந்தது.

மூக்காயி பாய்ந்தாள். தன் மூக்கைக் கொண்டுபோய்ச் சந்தில் செருகி அடைத்துவிட்டாள். பழம் அவள் மூக்கில் மோதி நசுங்கிக் கீழே விழுந்தது.

"பெத்த பிள்ளையைப் பட்டினி போடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றது மரம்.

அடைத்த மூக்கோடு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நகரவும் இல்லை.

மரம் சந்தை இறுக்கியது. மூக்கின் மேலிருந்த கொண்டையில் 'டக்' என்று விரிசல் விட்டது. கண்ணில் நீர் வழிந்தது. "மூக்கை எடுத்துடு, விட்டுடறேன்," என்று கெஞ்சியது மரம். மூக்காயி இன்னும் அழுத்திச் செருகினாள். அவளுக்குப் பின்னால் குஞ்சு அழுது அழுது ஓய்ந்தது. அது ஓய்ந்ததுதான் அவளுக்கு மூக்கு வலியைவிடப் பெரிய வலி. அப்போதும் நகரவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து கொம்பையன் வந்து சேர்ந்தான். பழக்கிளையைக் கவ்வி ஒடித்துத் தூர எறிந்தான். மூக்காயி மூக்கை உருவிக்கொண்டாள். கொண்டையில் பாதி சந்திலேயே ஒடிந்து நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. "முதல்ல பிள்ளைக்கு!" என்றாள்.

அவன் கொண்டுவந்த அத்திப்பழம் உள்ளே போனதும் குஞ்சு கண் திறந்தது.

அன்றிலிருந்து கொம்பையன் ஓயவில்லை. விடிந்தால் அத்திமேடு, உச்சிப்பொழுதில் அத்திமேடு, பொழுது சாய்வதற்குள் இன்னொரு தடவை. யாரும் அவனை விரட்ட வேண்டியிருக்கவில்லை. உள்ளே மூக்காயியும் ஓயவில்லை. உடைந்த மூக்கால் பட்டையைக் கொத்தினாள். கொத்தியது ஆறி மூடியது. மறுபடி கொத்தினாள். மறுபடி மூடியது.

"எத்தனை நாளைக்குத்தான் கொத்துவே?" என்று ஏளனம் செய்தது மரம்.

"உனக்கு வேற வேலை இருந்தா போய்ப் பாரு!" என்றாள் மூக்காயி.

ஒருநாள் கொத்திய இடத்திலிருந்து ஒரு சிராய் தெறித்து விழுந்தது. அது ஆறவில்லை. மூக்காயி உற்றுப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. தின்ற மாயப்பழம் உடம்பைவிட்டுப் போய்விட்டது. அவர்களைப் பொறுத்தவரை வள்ளல் மரம் இனி வெறும் கட்டைதான்!

"என்னங்க! வெளியேயிருந்து கொத்துங்க!"

கொம்பையன் காலை ஊன்றினான். நகம் ஒட்டவில்லை. அவன் வெளியிலிருந்தும் அவள் உள்ளிருந்தும் கொத்தினார்கள். தூள் பறந்தது. சந்து ஓட்டையானது, ஓட்டை வாசலானது. முதலில் குஞ்சு விழுந்து எழுந்து வெளியே வந்தது. பின்னாலேயே மூக்காயி வந்தாள். சிறகு இன்னும் முழுசாக முளைக்கவில்லை. பறந்தாள் என்று சொல்ல முடியாது. குதித்தாள், தட்டுத் தடுமாறி ஒரு புதரில் விழுந்தாள், எழுந்து நின்றாள்.

"நன்றி கெட்டவளே!" என்று கிளைகளை உதறியது மரம். "சும்மா இடம் கொடுத்தேன்! சும்மா சோறு போட்டேன்! ஒரு வார்த்தை வாடகை கேட்டேனா?"

மூக்காயி சிறகைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினாள். "கேட்டிருந்தா அன்னைக்கே முழிச்சிருப்பேனே!"

குஞ்சை நடுவில் விட்டு இருவரும் அத்திமேட்டைப் பார்த்து நடந்தே கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் கொம்பையன் தொண்டையைச் செருமினான்.

"அடுத்த தடவை மண்ணு நான் சுமந்துட்டு வர்றேன் மூக்காயி."

"சுமந்துட்டு வாங்க. பூசுறது நான்."

உடம்பு நோகாமல் இருக்க வேண்டுமென்று வீட்டுக் கதவை ஊரான் கையில் கொடுத்தால், அதைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது உடைவது நம் மூக்குத்தான்.