பாட்டுத்தாளின் பின்பக்கம்

இளைஞர் இல்லத்தில் தியானத்துக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்கு சிஸ்டர் மெட்டில்டா ஒரு பழக்கம் வைத்திருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் பாவங்களை ஒரு தாளில் எழுத வேண்டும். சாமியாரிடம் சொல்லி முடித்ததும், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்திலுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு எரித்துவிட வேண்டும். தாளுக்குப் பஞ்சமில்லை. போன வருடத்துப் பாட்டுத்தாள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் கிடந்தன. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது! சிஸ்டரும் தன் பாவங்களை அதில்தான் எழுதுவார்.

கஸ்மீர் அந்த இளைஞர் இல்லத்தின் மாணவர் தலைவன். பாடகர் குழுவும் அவன் கையில்தான். பாவத்தைக்கூட நம்பர் போட்டு, அடிக்கோடிட்டு எழுதுகிற பிள்ளை. அப்படி எழுதிய தாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணோம்.

பைபிளை உதறினான். சிற்றாலயத்தில் பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினான். கிடைக்கவில்லை. போகிற வருகிறவர்களெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. மூன்று மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிஸ்டரின் அறை வாசலில் வந்து நின்றான்.

“ஊருக்குப் போறேன் சிஸ்டர்.”

“நாலு மணிக்கு சாமியார் வர்றாரே?”

“என் தாள் தொலைஞ்சிருச்சு. யார் கையில கிடைச்சுதோ. இனிமே இவங்க முன்னாடி நின்னு எப்படி ஜெபம் சொல்லுவேன்?”

பாவம், குரல் உடைந்துவிட்டது. சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதுவா பாரு.”

பிரித்துப் பார்த்தான். அடிக்கோடெல்லாம் அப்படியே இருந்தது.

“எங்க கிடந்துச்சு?”

“நான் உட்கார்ற பெஞ்சுல. யாருதுன்னு தெரியலை, எடுத்து வச்சேன்.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். சிஸ்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

“அடுத்தவங்க தாளுன்னு தெரிஞ்சுமா சிஸ்டர்?”

“என்னுதுன்னு நினைச்சுத்தான் படிச்சேன்.”

“கையெழுத்தே வேற!”

“கையெழுத்தை யாரு பார்த்தா? எழுதியிருந்ததைப் பார்த்தேன்.”

கஸ்மீருக்கு நம்பிக்கை வரவில்லை. தாளில் விரலை வைத்துக் காட்டினான்.

“இந்த மூணாவதுமா? நல்லாப் பாடுற பையனுக்குப் பயிற்சி நேரத்தை மாத்திச் சொல்லி, வரவிடாமப் பண்ணினது?”

“எங்க மடத்துலயும் ஒருத்தி நல்லாப் பாடுவா. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

“அப்ப எந்த இடத்துலதான் தெரிஞ்சுது, இது உங்களுது இல்லைன்னு?”

“ஏழாவதுல. அம்மா போன் பண்ணினா வேணும்னே எடுக்கறதில்லைன்னு எழுதியிருந்தே.”

சிஸ்டர் இழுப்பறையை மெல்ல மூடினார்.

“எனக்குப் போன் பண்ண அம்மா இல்லையேப்பா.”