அஞ்சுகத்தோட சார்ஜர் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு அக்கா. அந்த அக்காகிட்ட ஒரு போன். அந்தப் போனுக்கு எந்நேரமும் பசி. ம் கொட்டு கண்ணு, நீ ம் கொட்டலைன்னா தாத்தா கதைக்குச் சார்ஜ் ஏறாது.

"ம்."

ஆங். அக்கா பேரு அஞ்சுகம். போனுக்குப் பேரு கிடையாது, பசி மட்டும்தான். காலையில நூறு ஏத்தி வச்சா, போட்ட காபி ஆறுறதுக்குள்ள ஒண்ணுல வந்து நிக்கும். டொய்ங், டொய்ங்னு அழும். ஏத்தலாம்னா சார்ஜர் இருக்கிற இடத்துல ஒயர் இருக்காது. ஒயர் தலகாணிக்கு அடியில, சார்ஜர் டிவிக்குப் பின்னால, பவர் பேங்க் அரிசி டின்னுக்குள்ள. அரிசிக்குள்ள எப்படிப் போச்சுன்னு கேக்காதே, அது தனிக் கதை.

ஒருதடவை சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போற வழியில போன் செத்துப் போச்சு. அஞ்சுகம் தப்பான மண்டபத்துக்குள்ள நுழைஞ்சுட்டா. முன்னப்பின்னத் தெரியாத மாப்பிள்ளைக்கு வெள்ளி விளக்கைக் குடுத்து, பாயசத்தை ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சு, போட்டோவுல நட்டநடுவுல நின்னு சிரிச்சு, கை கழுவுறப்போதான் பார்த்தா, சுத்தி ஒரு முகமும் தெரிஞ்ச முகமா இல்ல.

"ஹிஹி."

சிரிச்சா தூக்கம் ஓடிடும். ம் மட்டும் கொட்டு.

அப்புறம் அவ தம்பி குட்டுவனுக்கே கல்யாணம் வந்துச்சு. தாலி கட்டுறப்போ மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவான். மிச்சத்தை அவன் கூடப்பிறந்தவ போடணும். அதுக்குப் பேரு நாத்தனார் முடிச்சு. குட்டுவனுக்குக் கூடப்பிறந்தவ அஞ்சுகம் ஒருத்திதான். ஆனா பெரியப்பா மக வேம்பரசின்னு ஒருத்தி இருந்தா. அந்த முடிச்சைத் தான் போடணும்னு அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை நமநமன்னு இருக்கும்.

தம்பி சொன்னான், "அக்கா, தாலிக் கயித்தை மஞ்சள்ல நனைச்சு நீதான் கொண்டாரணும். பத்திரிகை, மண்டபத்துக்கு வழி, எல்லாம் போன்ல அனுப்பிட்டேன். முகூர்த்தத்துக்குள்ள நீ வரலைன்னா வேம்பரசி அக்கா போட்டுடும்."

"அவ போடுறதுக்கா உன்னை இடுப்புல தூக்கித் திரிஞ்சேன்? சார்ஜோட வரேன்டா, போ."

அப்புறம் அஞ்சுகம் என்ன செஞ்சா, எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி ஒண்ணை எடுத்தா. கிண்ணமெல்லாம் கழுவித் துடைச்சா. ஒரு கிண்ணத்துல சார்ஜர். ஒரு கிண்ணத்துல ஒயரைத் தேன்குழல் மாதிரிச் சுத்தி, தலைக்குப் போடுற ரப்பர் பேண்டை மாட்டி வச்சா. ஒண்ணுல பழைய போனுக்குப் போடுற பின். பவர் பேங்க் எந்தக் கிண்ணத்துலயும் நுழையல, அதனால மூணு கிண்ணத்தை வெளியே தூக்கிப் போட்டுட்டு அதைப் படுக்க வச்சா. நடுக் கிண்ணத்துல தாலிக் கயிறு. டப்னு மூடிக் குலுக்கிப் பார்த்தா, சத்தமே இல்ல. அவ்வளவு கச்சிதம்.

ஆனா கண்ணு, அவ வீட்டுல அஞ்சறைப்பெட்டி ரெண்டு. அவ கல்யாணத்துக்கு வந்தது. நம்ம சனம்தான் ஆளாளுக்கு அதையேதானே வாங்கிக் குடுக்கும்? ரெண்டும் ஒரே அளவு, ஒரே மினுமினுப்பு. பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல அவ எதைத் தூக்கியிருப்பா?

"கடுகுப் பெட்டி."

கெட்டிக்காரி. பஸ்ல போறப்போ டொய்ங்னு ஒரு கடைசி அழுகை அழுது போன் அணைஞ்சுது. இருக்கவே இருக்கு நம்ம பெட்டின்னு திறந்தா, கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுந்து, கிராம்பு, நடுவுல மஞ்சத்தூள். பட்டுனு நெத்தியில அடிச்சுக்கிட்டா. அதுக்குள்ள கண்டக்டர் விசில் ஊதி நாலு ரோட்டுல இறக்கி விட்டுட்டாரு. மண்டபம் பேரு ஞாபகம் இல்ல. தம்பி நம்பரும் ஞாபகம் இல்ல. யாருக்குத்தான் இப்போ யார் நம்பர் ஞாபகம் இருக்கு?

அப்போ அங்க ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் கன்னத்துல கை வச்சு உட்கார்ந்திருந்தாரு.

"அண்ணே, சார்ஜர் இருக்கா?"

"இருக்கும்மா. ஒயரை எலி தின்னுடுச்சு, தலை மட்டும்தான் இருக்கு. அதை விடு, என் சட்னிக்குத் தாளிக்கக் கடுகு இல்ல. தின்ன ஆளெல்லாம் என்னைத் தாளிக்கிறான்."

அஞ்சுகம் கடுகுக் கிண்ணத்தைக் கவுத்தா. படபடபடபட. அந்தச் சத்தம் கேட்டு நாலு ரோட்டுலயும் வந்த வண்டியெல்லாம் நின்னுடுச்சு. அவருக்கு ஒரே குஷி. "சார்ஜரை நீயே வச்சுக்கோ தாயி." கடுகு இருந்த கிண்ணத்துல சார்ஜர் வந்து உட்கார்ந்துச்சு.

"ம்."

நின்ன வண்டியில ஒரு லாரி. டிரைவர் பேரு துரைக்கண்ணு. காலையில பதினாறு பரோட்டா தின்னுட்டு, வயிறு மத்தளமா வீங்கிப் போய் ஸ்டியரிங்ல இடிக்குது. வண்டியைத் திருப்பவும் முடியல.

"அண்ணே, ஒயர் இருக்கா?"

"இருக்கு. வயித்துக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

அஞ்சுகம் ஒரு கை சீரகத்தை அவரு வாயில கொட்டினா. மெல்லுறாரு, மெல்லுறாரு... ஏஏஏவ். அந்த ஏப்பத்துல லாரி தானா ரெண்டடி நகர்ந்துச்சு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்தான் இறங்குச்சு. "உசுரு வந்துச்சு தங்கச்சி"ன்னு நீளமான வெள்ளை ஒயரை எடுத்து நீட்டினாரு. சீரகக் கிண்ணத்துல ஒயர்.

அப்புறம் டீக்கடைக்கு ஓடிப் போய் சார்ஜரைச் செவுத்துல சொருகினா. சொருகின நேரத்துக்கு டுப். கரண்ட் போச்சு.

"ஐயோ, முகூர்த்தம்?"

அதேதான் அவளும் நினைச்சா. அங்க வேம்பரசி கை ரெண்டையும் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறது கண்ணு முன்னால வந்துச்சு. ஓரமா ஒரு பாலம். பாலத்துக் கட்டைமேல ஆட்டுக்காரப் பேச்சியாத்தா காதுல பாட்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. மடியில செங்கல் தண்டிக்கு ஒரு பவர் பேங்க். பக்கத்துல ஒரு ஆடு. ஆடுன்னா நீ பார்த்த ஆடு இல்ல, நம்ம வீட்டு ஸ்கூட்டர் உசரம். ம்ம்ம்மேஏஏன்னு அழுதுக்கிட்டு நிக்குது.

"ஆத்தா, கொஞ்சம் சார்ஜ் குடேன்."

"எனக்குப் பாட்டு வேணாமா? பாட்டு இல்லைன்னா இது அழுகிறது காதுல விழும். பாவம், பல்லு வலி."

அஞ்சுகம் கிராம்பை எடுத்து, ஆட்டோட கடைவாய்ல வச்சு அழுத்தினா. ஆடு ஒரு நிமிஷம் யோசிச்சுது. அப்புறம் நாலு காலும் ஒண்ணா எழும்ப டங்குனு ஒரு குதி. வலி போச்சு. பேச்சியாத்தா காதுல இருந்ததைக் கழட்டிப் போட்டா. "இனிமே எனக்கு எதுக்குப் பாட்டு? பவர் பேங்க் உனக்கு. ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போ, அவசரமாப் போறவ மாதிரி இருக்க."

ஒயரைச் சொருகினா, போன் கண்ணு முழிச்சுது. அஞ்சுகம் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஆட்டு மேல ஏறினா. போன் வழி சொல்லுச்சு. "இடதுபுறம் திரும்பவும்." அஞ்சுகம் திரும்புறதுக்கு முன்னாடி ஆடு திரும்புச்சு. டடக் டடக் டடக் டடக். வரப்புல, வாய்க்கால்ல, துணி காயப்போட்ட கொடிக்கு அடியில. "சேருமிடம் வந்துவிட்டது"ன்னு போன் சொன்னப்போ ஆடு மணமேடைக்கு எதிர்லயே நின்னுச்சு.

வேம்பரசி தூக்கின கையை இறக்கினா. "வந்துட்டியா? ஆட்டு மேலயா? சரி, கயிறு எங்க?"

அப்போதான் அஞ்சுகத்துக்கு நினைவு வந்துச்சு. கயிறு வீட்டுல, அந்தப் பெட்டிக்குள்ள.

"கடையில வாங்கலாம்ல தாத்தா?"

கயிறு விக்கிற கடைக்காரரும் கடையைப் பூட்டிட்டு இந்தக் கல்யாணத்துலதான் முன் வரிசையில உட்கார்ந்திருக்காரு கண்ணு. முகூர்த்தமோ முடியப் போகுது. அஞ்சுகம் பெட்டியைத் திறந்து பார்த்தா. ஒரு பக்கம் நீள வெள்ளை ஒயர். நடுவுல மஞ்சத்தூள். அதை மட்டும் அவ யாருக்கும் குடுக்கல. அவ ஒயரைப் பார்த்தா, மஞ்சளைப் பார்த்தா, தம்பியைப் பார்த்தா.

"அக்கா, வேணாம்க்கா"ன்னான் குட்டுவன்.

கல்யாணப் பொண்ணு அல்லி குனிஞ்ச தலையை நிமிர்த்தினா. "மஞ்சள் பூசினா எல்லாம் கயிறுதான். பூசுங்க அண்ணி, எனக்குப் பசிக்குது."

மஞ்சளைக் குழைச்சு ஒயர்ல பூசினாங்க. தங்கத் தாலி அதுல சமர்த்தாக் கோத்துக்கிச்சு. டும்டும்டும்டும், பீப்பீ. குட்டுவன் முதல் முடிச்சு.

"ஒயர்ல முடிச்சு நிக்காதுடி, வழுக்கும்"னா வேம்பரசி.

"என் கைப்பையில தன்னால விழுந்த முடிச்சை நீ பார்த்ததில்ல"ன்னுட்டு, அஞ்சுகம் போட்டா ரெண்டு முடிச்சு. சும்மா முடிச்சா? வேம்பரசி நகத்தால நோண்டிப் பார்த்தா, நகம்தான் போச்சு. இன்னைக்கு வரைக்கும் அதை அவுக்க ஆள் பிறக்கல. புதுக் கயிறு வாங்கித் தரேன்னாலும் அல்லி வேணாம்னுட்டா.

அப்புறம் பந்தி. இலை போட்டாச்சு. டொய்ங்னு ஒரு சத்தம். வேம்பரசியோட போன், ஒண்ணுல நிக்குது. மெல்ல அஞ்சுகம் பக்கத்துல வந்தா.

"ஏய், சார்ஜர் இருக்கா?"

"சார்ஜர் இருக்கு. ஒயருக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சு."

என்ன செய்வா? அல்லி பக்கத்துல இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, ஒயரோட ஒரு முனையைப் போன்ல, மறு முனையை அஞ்சுகம் குடுத்த பவர் பேங்க்ல சொருகிக்கிட்டா. நகரவும் முடியல. அல்லி அவ இலைக்கு அப்பளம் வச்சா, அவ அல்லி இலைக்குப் பாயசம் ஊத்தினா. போன் நூறு ஆகுறதுக்குள்ள ரெண்டு பேரும் சிநேகிதம்.

"தாத்தா... ஆடு?"

ஆட்டுக்கும் இலை போட்டாங்க. அது இலையைத்தான் முதல்ல தின்னுச்சு.

"ம்..."

அவ்வளவுதான் கண்ணு. கதை நூறு ஆயிடுச்சு, தாத்தா ஒண்ணுல நிக்கிறேன். டொய்ங். கண்ணை மூடிப் போர்வைக்குள்ள சொருகிக்கோ, விடியறப்போ ரெண்டு பேரும் நூறா எழுந்திரிப்போம்.