தினைச்சி எண்ணிய வழிகள்

குருவிக்கும் பாம்புக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. கூடு கட்டுவது ஆண்களின் வேலை. கட்டி முடித்த கூட்டுக்குள் வாய் பேசாமல் போய் முட்டையிடுவது பெண்களின் வேலை. கூடு எப்படி இருக்க வேண்டும் என்று எந்தப் பெண் குருவியையும் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கூடுகள் இன்று நீங்கள் பார்க்கும் கூடுகளைப் போல இருக்காது. உள்ளே நுழைந்தால் வழி இரண்டாகப் பிரியும். அதில் ஒன்று மறுபடியும் இரண்டாகப் பிரியும். மழை வந்தால் இந்தப் பக்கம், காற்று வந்தால் அந்தப் பக்கம், காகம் வந்தால் மேலே, வெயில் ஏறினால் கீழே என்று ஒவ்வொரு 'வந்தால்' என்ற பேச்சுக்கும் ஒரு தனிவழி. புதிதாக எந்தத் தொல்லை வந்தாலும் ஒரு வழியைக் கூட்டுவார்களே தவிர, பழையதைப் பிரிக்க மாட்டார்கள். எந்த நார் எதைத் தாங்குகிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கலையில் பெரிய ஆள் பின்னல்ராயர். அவருடைய கூட்டைப் பார்க்க அக்கரையிலிருந்தெல்லாம் குருவிகள் வரும். அவருடைய தம்பி மகன் வரகன், பெரியப்பாவைப் பார்த்துப் பார்த்தே தன் கூட்டையும் கட்டியிருந்தான். அந்த வரகனின் மனைவிதான் தினைச்சி.

போன பருவத்தில் தினைச்சிக்கு மூன்று குஞ்சுகள். ஒருநாள் வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது, கொம்பேறிமூக்கன் பாம்பு மரத்தில் பாதி ஏறியிருந்தது. தினைச்சி பாய்ந்து உள்ளே போனாள். முதல் பிரிவில் இடது, அடுத்ததில் வலது, அப்புறம் எது என்று நினைவில்லை. போன வழி சுவரில் முட்டியது. திரும்பினாள். மறுபடியும் சுவர். குஞ்சுகள் கத்துவது ஒரு பின்னலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அந்த நிமிஷத்தை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

இந்தப் பருவம் வந்தது. வயிற்றில் முட்டை கனத்தது. வரகன் பழைய கூட்டையே செப்பனிட்டு, போதாக்குறைக்குப் பாம்புக்கென்று இரண்டு புது வழிகளும் போட்டு வைத்திருந்தான். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் கூட்டுக்குள் போனார்கள். தினைச்சி போகவில்லை. அலகு நிறையப் புல்விதையைக் கவ்விக்கொண்டு வந்தாள். வழி பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு விதையைப் போட்டாள். வெளியே வந்து, போட்டது எத்தனை என்று எண்ணினாள். பதினேழு.

அதோடு விட்டாளா? மரத்திலிருந்த பதின்மூன்று கூடுகளிலும் நுழைந்து எண்ணினாள். பின்னல்ராயர் கூட்டில் முப்பத்தொன்று. சாமைக்கண்ணன் என்றொரு சோம்பேறி இருந்தான். நார் கிழிக்கவே அலுப்புப்படுகிறவன். அவன் கூட்டில் வெறும் இரண்டு. ஊரே அவனைக் கேலி செய்தது. ஆனால் போன பருவத்தில் அவன் குஞ்சுகள் நான்கும் பிழைத்திருந்தன. பத்துக்கு மேல் போன கூடுகளில் ஒன்றில்கூடக் குஞ்சு தங்கவில்லை.

இந்தக் காலத்தில் கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்களாம். 'இது நடந்தால் இப்படிப் போ, அது நடந்தால் அப்படிப் போ' என்று நிரல் பிரிகிற இடங்களைக் கணக்கெடுத்து, எண் ஏறிவிட்டால் தலையில் கை வைக்கிறார்களாம். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். முதலில் எண்ணியவள் தினைச்சிதான்.

கூட்டம் கூடியது. தினைச்சி எண்களைச் சொன்னாள். பின்னல்ராயர் சிரித்தார்.

"ஏம்மா மருமகளே, கூட்டைப் பார்த்து அசந்து நின்னவங்களைப் பார்த்திருக்கேன். எண்ணிப் பார்த்தவளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"நான் கூட்டை எண்ணலை மாமா. என் குஞ்சுகிட்ட போய்ச் சேர முடியாத வழியை எண்ணினேன்."

"அத்தனை வழியும் பாம்பு குழம்பறதுக்குத்தானே?"

"பாம்பு வழி பார்த்தா வருது? வாசனை பிடிச்சு, சுவரைக் கிழிச்சுக்கிட்டு வருது. வழி தேடித் தவிக்கிறது நாமதான்."

ராயர் தலையிறகைச் சிலிர்த்தார். "காகம் வந்தா என்ன பண்ணுவே?"

"காகம் எப்ப வந்துச்சு?"

"எங்க தாத்தா காலத்துல ஒருதடவை வந்துச்சு."

சாமைக்கண்ணன் களுக்கென்று சிரித்தான். தினைச்சி சிரிக்கவில்லை. "மாமா, உங்க கூட்டுக்குள்ள நீங்களே போங்க. நான் மரத்தடியிலிருந்து பறக்காம, பாம்பு மாதிரி மெதுவா ஏறி வர்றேன். நான் வர்றதுக்குள்ள முட்டை அறைக்குப் போயிடுங்க, போதும்."

ராயர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். தினைச்சி அடிமரத்தில் தொடங்கித் தத்தித் தத்தி ஏறினாள். உச்சி மட்டைக்கு வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. பிறகு ராயரின் குரல்: "இந்த வளைவு நான் கட்டினதே இல்லையே!"

ஒருவழியாகப் பின்வாசலில் தலையை நீட்டியவர், வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. "வழி தெரியலைன்னா என்ன இப்போ? வழி கண்டுபிடிக்கறதுக்குன்னு இன்னொரு வழி போட்டா முடிஞ்சுது!" என்றார். கூட்டமும் தலையை ஆட்டியது.

தினைச்சிக்கு எரிச்சல் பொங்கியது. நேராகப் போய் வரகன் கூட்டின் நாரைப் பற்றினாள்.

"ஐயோ, வேண்டாம் புள்ள!" வரகன் குறுக்கே பறந்தான். "எந்த நாரு எதைத் தாங்குதுன்னு கட்டின எனக்கே தெரியாது."

"தெரியாதுல்ல? அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கே தெரியாத ஒண்ணுக்குள்ள என் குஞ்சுங்களை வைக்கச் சொல்றீங்க. மாட்டேன்."

இழுத்தாள். ஒரு மாத உழைப்பு மொத்தமாக அவிழ்ந்து கிணற்றில் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். முட்டை சுமந்த உடம்போடு தினைச்சி வெறும் மட்டையில் உட்கார்ந்தாள். "மழையில நனைஞ்சாலும் இங்கேயே இருப்பேன். வழி பிரியற கூட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்."

மறுநாள் வரகன் புதிதாக ஒரு கூட்டைத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டு, சிறகை அடித்து அவளைக் கூப்பிட்டான். "மூடறதுக்கு முன்னாடி வந்து பாரு."

அவள் வந்து, தொங்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள். "இந்தப் பிரிவு எதுக்கு?"

"கிழக்கே இருந்து மழை வந்தா..."

அவன் முடிப்பதற்குள் பறந்துபோய்விட்டாள். வரகன் அந்தப் பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினான். மழைக்கு நெருக்கிப் பின்னினான், காற்றுக்குக் கனமாகப் பின்னினான், வழி மட்டும் போடவில்லை. ஓர் அறை, கீழ்நோக்கி ஒரு குழல், அவ்வளவுதான். தினைச்சி ஒவ்வொரு நாராக இழுத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்த சமயம், கொம்பேறிமூக்கன் மறுபடியும் வந்தது. தினைச்சி வயலிலிருந்து பார்த்துவிட்டாள். ஒரே பாய்ச்சலில் குழலுக்குள் ஏறினாள். யோசிக்க ஒன்றுமில்லை, திரும்ப ஒன்றுமில்லை. மூன்று குஞ்சுகளையும் அதே குழல் வழியாக வெளியே தள்ளினாள். விழுந்தவை பாதியில் சிறகை விரித்துத் தத்தளித்து, எதிர்க்கரை வேம்பில் போய் ஒட்டிக்கொண்டன. பாம்பு கூட்டைக் கிழித்தபோது உள்ளே சூடு மட்டும்தான் இருந்தது.

"முன்னெல்லாம் எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்!" என்று பாம்பு அங்கலாய்த்தது. வழுக்கும் குழலில் பிடி தவறிக் கிணற்றில் விழுந்தது.

அன்று சாயங்காலமே ஈச்சமரத்துப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் அவரவர் கூட்டை விட்டு வெளியே வந்தார்கள். பின்னல்ராயரின் மனைவிதான் முதலில் வந்தவள்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டு, சிறகை அடித்துக்கொண்டு காத்திருக்கிறது. பெண் குருவி வந்து பார்க்கும், இழுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். கிணற்றோரத்தில் பாதியில் விட்ட கூடு காற்றில் ஆடினால், கட்டத் தெரியாதவன் விட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். அங்கே ஒருத்தி வந்து, 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.