ஈர்க்கு நட்சத்திரமும் பொறுக்காத சந்தியாகுவும்

கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் ராஜா இல்லை; அவர் வரி வாங்க வேறு ஊருக்குப் போய்விட்டார். மந்திரியும் கூடவே போய்விட்டார். மிச்சம் இருந்தது கடல், மணல், ஒரு மாதா கோயில், அதைச் சுற்றிக் குடிசைகள். நடந்து வெகுகாலம் ஆகிறது.

அந்தக் கரைக்குச் சந்தியாகு என்றொருவன் பிழைக்க வந்தான். கூடவே மனைவி மதலேனாள், ஐந்து வயது மகள் பிரகாசி. சந்தியாகு நல்லவன்தான். கள் குடிக்க மாட்டான், சண்டை பிடிக்க மாட்டான். ஆனால் பொறுக்கவும் மாட்டான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, இவனுக்கு ஆக்கவே பொறுக்காது. அரிசி வேகும் முன்னே பானையைத் திறந்து திறந்து பார்ப்பான். உட்கார்ந்தால் காலை ஆட்டுவான், எழுந்தால் ஓடுவான்.

அந்த ஊரில் பிழைப்பு என்றால் கரைவலைதான். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையைக் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கும். அந்தக் கயிற்றைப் பிடிக்க ஓர் இடம் கிடைத்தால் வீட்டில் உலை கொதிக்கும். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். புது ஆளுக்கு இடம் உண்டா இல்லையா என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் முடிவு செய்வார்கள்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஊர்த்தலைவர் சூசை கையில் விளக்கோடு வீடு வீடாக வருவார். பின்னால் பாடுகிறவர்கள் வருவார்கள். வீட்டு அலங்காரத்தில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டின் சின்னப் பிள்ளை, தன் கையால் செய்தது எது என்று காட்ட வேண்டும். காட்டினால் வாசல் நட்சத்திரத்தின் கீழே விளக்கேறும், அப்பனுக்குக் கயிற்றில் இடம் கிடைக்கும். காட்டாவிட்டால் விளக்கும் இல்லை, கயிறும் இல்லை.

சந்தியாகு சும்மா இருப்பானா? குளத்து மண்ணைக் கொண்டுவந்தான். கடற்கரையில் சிப்பி பொறுக்கினான். தென்னை ஈர்க்கும் பனங்குருத்தும் வெட்டி வந்தான். எல்லாவற்றையும் மகள் முன்னால் கொட்டி, "செய் பிள்ள, சீக்கிரம் செய்" என்றான்.

பிரகாசி முதலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு மண் ஆடு செய்தாள். வால் நீளமாக இருந்தது, ஒரு கால் கட்டையாக இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சந்தியாகு அதைப் பிசைந்து நல்ல ஆடாக்கி வைத்தான்.

அடுத்து சிப்பித் தோரணம் கோத்தாள். பெரிய சிப்பிக்குப் பக்கத்தில் பொடிச் சிப்பி, அதற்குப் பக்கத்தில் ஒரு நண்டின் கால். அவள் குளிக்கப் போன நேரத்தில் சந்தியாகு அதை அவிழ்த்து, பெரியது முதல் சின்னது வரை வரிசையாகக் கோத்தான்.

கடைசியில் ஈர்க்குகளைக் கட்டி நட்சத்திரம் செய்யத் தொடங்கினாள். ஒரு முடிச்சுப் போட அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது. சந்தியாகுவின் விரல் நமநமத்தது. இந்த முறை அவள் எழுந்து போகும் வரைகூட அவன் காத்திருக்கவில்லை. "குடு இங்க" என்று பிடுங்கினான்.

"பிள்ளைய செய்ய விடுங்களேன்" என்றாள் மதலேனாள்.

"தொடங்கினது அவதானே? நான் சரி பண்ணிக் குடுத்தா என்ன கெட்டுப் போச்சு?" என்றான் சந்தியாகு.

பிரகாசி அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை.

சாயங்காலம் பாட்டுச் சத்தம் வந்தது. சூசை வாசலில் நின்று ஆட்டைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார். ஊரிலேயே இவ்வளவு அழகாக ஒரு வீடும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பிரகாசியிடம் குனிந்து கேட்டார்: "ஏ பிள்ள, இதுல எது நீ செஞ்சது?"

பின்னால் நின்ற சந்தியாகு கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான், ஆட்டின் பக்கம் விரலை நீட்டினான்.

பிரகாசி மூன்றையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல. எல்லாம் அப்பா செஞ்சது" என்றாள்.

பாட்டு நின்றது. மதலேனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசை விளக்கோடு திரும்பித் தெருவில் இறங்கினார்.

சந்தியாகுவுக்குக் கயிறு இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அவன் பார்த்தது போகிற விளக்கை அல்ல, மகளின் மடியில் கிடந்த கைகளை. அந்தக் கைகளுக்குத் தான் ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நட்சத்திரத்தை இறக்கினான், கட்டை அவிழ்த்தான், ஈர்க்குகளை அவள் மடியில் வைத்தான்.

"நீ கட்டு மக்ளே. நான் பிடிச்சிக்கிடுதேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு கட்டினாள். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. சந்தியாகு ஒரு கையால் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். காலும் ஆடவில்லை.

அதற்குள் கோயில் மணி அடித்தது. பாடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். தெருவில் போன சூசை நின்று, "பூசைக்கு நேரமாச்சுப்பா. வாங்க, கோயிலுக்குப் போவோம்" என்று கூப்பிட்டார்.

"நீங்க போங்கய்யா. எம் மவ இன்னும் முடிக்கல" என்றான் சந்தியாகு.

சூசை அவனை ஒரு நிமிடம் பார்த்தார். திரும்பி வந்தார். விளக்கைக் கீழே வைத்துவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊரும் உட்கார்ந்தது. கடைசி முடிச்சு விழுந்தபோது நட்சத்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"இது நான் செஞ்சது" என்றாள் பிரகாசி, யாரும் கேட்காமலே.

சூசை அதன் கீழே விளக்கை ஏற்றினார். "வலைய ஒருத்தன் அவசரமா இழுத்தா மீன் பூரா அந்தப் பக்கமா ஓடிரும். சின்னக் கைக்காக நிக்கத் தெரிஞ்சவன்தான் நமக்கு வேணும். நாளான்னைக்கு விடிய வந்துரு சந்தியாகு, உனக்குக் கயிறு இருக்கு" என்றார்.

பிள்ளையோடு சேர்ந்து செய்யும் வேலையில், அழகாக முடிப்பதைவிட அதன் கை முடிக்கும்வரை பொறுத்திருப்பதே பெரிது.